வாகனப் பாதுகாப்புச் சோதனையும் கார் வைத்திருக்கும் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோதனைத் தேதி நெருங்கும்போதுதான் காரின் அடிப்பக்கம் பலருக்கு ஞாபகம் வருகிறது. அதுவரை தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் ஒன்றாக வந்து நிற்கும். பணம் அதிகம் கரைவதும் அப்போதுதான். சோதனையில் தேறுவது எப்படி, ஒரு காரை வருடக்கணக்கில் கட்டுப்படியாகும் செலவில் வைத்திருப்பது எப்படி என்ற இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பதால், இங்கே சேர்த்தே பதில் தந்திருக்கிறோம்.

சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்?

நிற்பது, திரும்புவது, பார்ப்பது, பார்க்கப்படுவது, மோதினால் உள்ளிருப்பவரைக் காப்பது, புகை. எந்த நாட்டுச் சோதனையானாலும் பெரும்பாலும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர், விளக்குகள், கண்ணாடி, வைப்பர், சீட் பெல்ட், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு, சேஸிஸில் துரு, எரிபொருள் கசிவு, சைலன்சர், வாகன அடையாள எண், நம்பர் பிளேட் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பார்க்காதவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. இன்ஜினின் உள் தேய்மானம், கிளட்ச், கியர்பாக்ஸ், ஏசி, டைமிங் பெல்ட் ஆகியவை பொதுவாகச் சோதனையில் வராது.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதிய சொந்தக் காருக்கு முதல் சோதனை 3 வருடத்தில், பிறகு 2 வருடத்துக்கு ஒரு முறை. பிரான்ஸில் முதல் சோதனை 4 வருடத்தில், பிறகு 2 வருடத்துக்கு ஒன்று. பிரிட்டனில் 3 வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். சிங்கப்பூரில் 3 முதல் 10 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, 10 வருடம் தாண்டினால் வருடா வருடம். இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது தகுதிச் சோதனை, அதாவது பேச்சு வழக்கில் எஃப்சி. வாடகை, சரக்கு வாகனங்களுக்கு இடைவெளி இதைவிடக் குறைவு.

15 வருடம் யாரும் அடியில் எட்டிப் பார்க்காத கார் ஆபத்தானது. சட்டம் கேட்காவிட்டாலும் 4 வயது தாண்டிய காரை வருடத்துக்கு ஒரு முறை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது அவசியம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் கார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. அன்றைக்கு, அந்த மணி நேரத்தில், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். டயரின் பள்ளம் 1.7 மி.மீ. இருந்தால் தேறிவிடும், இரண்டே மாதத்தில் அது சட்ட வரம்புக்குக் கீழே போய்விடும். சோதனைத் தாளில் "கவனிக்கவும்" என்று தனியாக எழுதித் தரும் குறிப்புகள்தான் அடுத்த வருடத்துச் செலவுப் பட்டியல். தேறிவிட்ட சந்தோஷத்தில் அந்தப் பகுதியைப் படிக்காமல் மடித்து வைப்பவர்கள் அதிகம்.

சோதனைக்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்?

அரை மணி நேரமும் உதவிக்கு ஓர் ஆளும் போதும். இதைச் சோதனைக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். மூன்று வாரம் முன்பே செய்தால்தான் பாகம் வாங்கவும் விலை விசாரிக்கவும் நேரம் இருக்கும்.

விளக்குகளிலிருந்து தொடங்குங்கள். பார்க்கிங், லோ பீம், ஹை பீம், நான்கு மூலை இண்டிகேட்டர், பக்கவாட்டு இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும், ரிவர்ஸ், பின்புற ஃபாக் லைட், நம்பர் பிளேட் விளக்கு என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன விளக்கை யாரும் பார்ப்பதே இல்லை; அதனாலேயே அது அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கிறது அல்லது எர்த் சரியில்லை.

அடுத்தது பிரேக் பெடல். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை அழுத்துங்கள், இறுகிவிடும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெடல் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. இன்ஜின் ஓடும்போது ஒரு நிமிடம் சீராக அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிவு அல்லது பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. அந்த நிலையில் காரைச் சோதனைக்கு ஓட்டிப் போகவே கூடாது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது.

ஹேண்ட்பிரேக் லீவர் வகையாக இருந்தால் பெரும்பாலான கார்களில் 4 முதல் 7 பல் சத்தத்துக்குள் பிடித்துவிட வேண்டும். பத்தைத் தாண்டினால் கேபிள் நீண்டிருக்கிறது அல்லது பின் பிரேக் தேய்ந்திருக்கிறது. கேபிளை மட்டும் இறுக்கி வைப்பது தப்பான வைத்தியம். டிரம் பிரேக் என்றால் முதலில் உள்ளே ஷூ இடைவெளியைச் சரிசெய்துவிட்டுத்தான் கேபிளுக்கு வர வேண்டும்.

பிறகு சின்ன விஷயங்கள். வைப்பர் ரப்பர் கிழிசல், வாஷர் தண்ணீர், ஹாரன், எல்லா சீட் பெல்ட்டும் முழு நீளத்துக்கு வெளியே வந்து தானே உள்ளே சுருள்கிறதா, வெட்டுக் கீறல் உண்டா, கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் முன்கண்ணாடியில் உடைவு இருந்தால் அளவு சிறியதாக இருந்தாலும் சிக்கல். பிரிட்டன் விதியில் அந்தப் பகுதியில் 10 மி.மீ.க்கு மேல் உடைவு கூடாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை விடுவார்கள். கல் பட்ட புள்ளியை உடனே ரெசின் ஊற்றி அடைத்தால் சில்லறைச் செலவு. வெயிலிலும் குளிரிலும் அது கோடாக ஓடிவிட்டால் முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

டயர் எப்போது தோல்விக்குக் காரணமாகும்?

ஐரோப்பா, ஜப்பான், இந்தியா உட்படப் பல இடங்களில் கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டயரின் பள்ளத்துக்குள்ளேயே அந்த உயரத்தில் சிறு குறுக்குத் திட்டுகள் வார்க்கப்பட்டிருக்கும். மேல் ரப்பர் அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. புது டயரில் இது ஏறக்குறைய 8 மி.மீ. சட்டம் 1.6 வரை விட்டாலும் 3 மி.மீ.க்குக் கீழே போனதும் ஈரச் சாலையில் பிடிப்பு வேகமாகக் குறைகிறது. மழைக்காலத்துக்கு முன் 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வோம்.

பள்ளம் இருந்தால் மட்டும் போதாது. பக்கச் சுவரில் கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்குப் பஞ்சர் வேலை கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். ஒரே அச்சில் வேறு வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயதை அறிய டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைய இருந்தும் 10 வருடம் ஆன டயர் வெடிப்பு விட்டிருக்கும், நம்பக் கூடாது.

தேய்மானம் எப்படி விழுந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிற்கிறது என்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் மொட்டையானால் வீல் அலைன்மென்ட். குழி குழியாக அலை போலத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம் அல்லது சக்கரம் பேலன்ஸில் இல்லை. காரணத்தை விட்டுவிட்டுப் புது டயர் மட்டும் போட்டால் அதுவும் பாதி ஆயுளில் போய்விடும்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அது தாங்கும் அதிகபட்ச அழுத்தம். உங்கள் காருக்கான அளவு அதுவல்ல.

உருளை மேடையில் பிரேக் சோதிக்கும்போது வரும் எண்களுக்கு என்ன பொருள்?

இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று செயல்திறன்: எல்லாச் சக்கரங்களின் பிரேக் விசையையும் கூட்டிக் காரின் எடையால் வகுத்தது. கார் 1,200 கிலோ, நான்கு சக்கர விசையும் சேர்ந்து 720 கிலோ என்றால் 60 சதவீதம். ஐரோப்பிய விதிகளில் பழைய கார்களுக்குக் குறைந்தது 50, புதியவற்றுக்கு 58 வேண்டும். ஹேண்ட்பிரேக்குக்கு 16.

இன்னொன்று இடது, வலது வித்தியாசம். இதில்தான் பலர் விழுகிறார்கள். இடது சக்கரம் 250, வலது 170 என்றால் வித்தியாசம் 80; அதைப் பெரிய எண்ணான 250ஆல் வகுத்தால் 32 சதவீதம். 30 வரம்பு என்றால் தோல்விதான், மொத்த விசை எவ்வளவு நன்றாக இருந்தாலும். அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது இதனால்தான். பெரும்பாலும் காரணம் கேலிப்பர், அதாவது பேட்டை டிஸ்கின் மீது அழுத்தும் பாகம். சறுக்கும் ஊசிகளில் கிரீஸ் காய்ந்து துரு ஏறி ஒட்டிக்கொள்ளும், அல்லது பிஸ்டன் இறுகிவிடும். புதிய பேட் போட்டாலும் இது சரியாகாது. ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பரை அரிக்காத சிலிகான் வகைக் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடியும் இறுகும்.

பேட்டை எப்போதும் ஒரே அச்சின் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். புதிதாக 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும் பொருள் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றும் நேரம். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்க்காமல் "டிஸ்கும் போயிடுச்சு" என்று சொன்னால் அளவைக் கேளுங்கள்.

பிரேக் ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டுமா? குறையவே இல்லையே.

குறைவது பிரச்சினை இல்லை, ஈரம் ஏறுவதுதான் பிரச்சினை. பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாமே காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரி. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் இந்தச் சூடு எளிதில் வரும். அப்போது ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் ஒன்றுமில்லாமல் தரையைத் தொடும். ஈரம் உள்ளிருந்து துருவையும் உண்டாக்கும். 2 வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். ஒரு லிட்டர் போதும். டாட் 5 என்பது சிலிகான் வகை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

புகைச் சோதனையில் ஏன் தோற்கிறது?

பெட்ரோல் கார் என்றால் பலர் இன்ஜினைச் சூடாக்காமல் கொண்டுபோவதாலேயே தோற்கிறார்கள். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி எட்டினால்தான் வேலை செய்யத் தொடங்கும். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் ஓட்டிவந்து அரை மணி நேரம் வரிசையில் நிறுத்தினால் அது குளிர்ந்துவிடும். சோதனைக்கு முன் 20 நிமிடம் நன்றாக ஓட்டுங்கள். வரிசையில் நிற்கும்போது முறை வருவதற்குச் சற்று முன்பே இன்ஜினை ஓட விடுங்கள்.

அதற்குப் பிறகும் தோற்றால் தாளில் உள்ள எண்களைப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது: அடைத்த ஏர் ஃபில்டர், பழுதான ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர். ஹைட்ரோகார்பன் அதிகம் என்றால் பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது: ஸ்பார்க் பிளக், காயில். காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் லாம்டா என்ற எண் பல நாடுகளில் 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும். அது அதைத் தாண்டி மேலே போனால் முதலில் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், வெளிக்காற்று உள்ளே நுழைந்து கணக்கைக் கெடுக்கும். இதைப் பார்க்காமல் கன்வெர்ட்டரை மாற்றுவது அநியாயச் செலவு. கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது குறைவு. இன்ஜின் ஆயில் எரிவது, மிஸ்ஃபயர் ஆவது போன்றவற்றால்தான் அது கெடுகிறது. மூலக் காரணத்தை விட்டால் புதியதும் போய்விடும்.

டீசலில் கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம்: ஏர் ஃபில்டர், டர்போ குழாயில் கிழிசல், கரி பிடித்த ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது), இன்ஜெக்டர். நீலப் புகை ஆயில் எரிவது. இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நின்றால் கூலண்ட் உள்ளே போகிறது.

செக் இன்ஜின் விளக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டுப் போகலாமா?

அது வேலைக்கு ஆகாது. அழிக்கும்போது காரின் கணினி தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிந்து, "சோதனை முடியவில்லை" என்ற நிலைக்குப் போய்விடும். கணினியோடு இணைத்துப் படிக்கும் நிலையங்களில் அது உடனே தெரியும். அந்த முடிவுகள் மறுபடி நிறைவதற்கு, குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட், நகர ஓட்டம், சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டம் என்று பல நாள் கலந்து ஓட்ட வேண்டியிருக்கும். பழுதைச் சரிசெய்த பிறகு அழித்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதே நிலைதான். சோதனைக்கு முந்தின நாள் பேட்டரி மாற்றாதீர்கள்.

ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்ப் போட்டிருக்கிறேன். பிரச்சினை வருமா?

பெரும்பாலும் வரும், வருவதும் நியாயம். ஹெட்லைட்டின் உள்ளே உள்ள கண்ணாடி வளைவு ஹாலஜன் இழை இருக்கும் மிகச் சரியான புள்ளியை வைத்து வடிவமைக்கப்பட்டது. எல்இடி சில்லு அந்தப் புள்ளியில் அதே வடிவில் இருப்பதில்லை. வெளிச்சம் மேலே சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். ஓட்டுபவருக்குக் கிட்டத்தில் பளிச்சென்றும் தூரத்தில் இருட்டாகவும் இருக்கும்.

விளக்கின் உயரத்தை வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, டயரில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார, உள்ளே உள்ள விளக்கு உயரத் திருகை 0வில் வையுங்கள். லோ பீமின் மேல் கோடு ஹெட்லைட்டின் நடுப்புள்ளி உயரத்தைவிட 5 செ.மீ. கீழே விழ வேண்டும். இது 1 சதவீதச் சரிவுக்கான கணக்கு. உங்கள் காருக்கு எத்தனை சதவீதம் என்பது ஹெட்லைட் மேல்புறத்திலேயே பொறித்திருக்கும்.

அடிப்பக்கத்தில் எதைத் தேடுவது?

முதலில் எச்சரிக்கை. ஜாக்கி மட்டும் வைத்து அடியில் படுக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒர்க்‌ஷாப் லிஃப்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் கிழிந்துவிட்டது. பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) ரப்பர் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா என்று பார்க்கச் சக்கரத்தைத் தூக்கி மேல் கீழாகவும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டுவார்கள். பக்கவாட்டில் ஆடினால் டை ராட் பக்கம், மேல் கீழாக ஆடினால் பால் ஜாயிண்ட், இரண்டிலும் ஆடினால் வீல் பேரிங் என்பது பொதுவான கணிப்பு. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அது முடிந்தது.

துருவில், எங்கே துரு என்பதுதான் முக்கியம். கதவின் மேல்தோலில் உள்ள துரு அழகுப் பிரச்சினை. சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஸ்டியரிங் பொருத்தப்பட்ட இடங்களைச் சுற்றிலும் உள்ள துரு உயிர்ப் பிரச்சினை. பிரிட்டனில் இந்தப் பொருத்து இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் இருப்பதைக் கறாராகப் பார்க்கிறார்கள். அங்கே மேலே தாரோ புட்டியோ பூசி மறைப்பதால் பயனில்லை. அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். உலோகப் பிரேக் குழாய்களையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

தோற்றுவிட்டால் உடனே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டுமா?

தோல்விப் பட்டியலில் இருப்பதை மட்டும் முதலில் செய்யுங்கள். பல நாடுகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் திரும்பினால் குறைந்த கட்டணத்தில் மறுசோதனை உண்டு. "ஆபத்து" என்று குறித்திருந்தால் காரை ஓட்டாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். சோதித்த இடமே பழுதும் பார்க்கும் இடமாக இருந்தால் அந்தத் தாளோடு இன்னொரு மெக்கானிக்கிடமும் விலை கேளுங்கள். பாகத்தின் விலை, கூலி, வரி மூன்றும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்பட வேண்டாம்.

கார் வைத்திருக்க உண்மையில் வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

பெரும்பாலானவர்கள் எரிபொருளையும் மாதத் தவணையையும் மட்டும் எண்ணுகிறார்கள். மிகப் பெரிய செலவு பல கார்களில் கண்ணுக்கே தெரியாதது: மதிப்பிழப்பு. காரை 100 அலகுக்கு வாங்கி 6 வருடம் கழித்து 40க்கு விற்றால், போனது 60. வருடத்துக்கு 10 அலகு, வண்டி நின்றாலும் ஓடினாலும்.

எரிபொருள் எளிது. வருடத்துக்கு 12,000 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 800 லிட்டர். காப்பீடு, வரி, சோதனைக் கட்டணம், பார்க்கிங், கடன் வட்டி ஆகியவை ரசீதிலேயே இருக்கும்.

தவறு நடப்பது இடைவெளி விட்டு வரும் செலவுகளில். இவற்றை மாதத்துக்கு உடைத்துவிடுங்கள். ஒரு செட் டயர் 48,000 கி.மீ. ஓடும், வருடம் 12,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்றால் 4 வருடம், அதாவது 48 மாதம்; டயர் விலையை 48ஆல் வகுத்ததை மாதாமாதம் ஒதுக்குங்கள். பிரேக் ஆயிலை 24ஆல், பேட்டரியை ஏறக்குறைய 48ஆல், டைமிங் பெல்ட்டை உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளியால் வகுத்துக்கொள்ளுங்கள். கூட்டி வரும் தொகையை எரிபொருளுக்கான பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மொத்த வருடச் செலவை ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று தெரியும். முதல் முறை கணக்குப் போடுபவர்கள் நினைத்திருந்ததைவிட அதிகமாகத்தான் வரும்.

எந்தச் சின்ன வேலையைத் தள்ளிப்போட்டால் பெரிய செலவாகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்தவுடன் மாற்றினால் உறையும் கிரீஸும் கூலியும்தான். விட்டால் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும்; முழுதாகத் திருப்பும்போது டக்டக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் ஜாயிண்ட் போய்விட்டது. பிரேக் பேட் கிறீச்சிடும்போது மாற்றினால் பேட் மட்டும்; உலோகம் உரசும்வரை ஓட்டினால் டிஸ்கும் சேர்ந்து போகும். தேய்ந்த புஷ் அலைன்மென்டைக் கெடுத்து இரண்டு டயரைத் தின்றுவிடும். வால்வு கவரிலிருந்து ஒழுகும் ஆயில் கீழே உள்ள பெல்ட்டையும் ரப்பர் புஷ்களையும் ஊதிப்போகச் செய்யும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது கூலண்ட் கசிவு. வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன் என்பார்கள். ஒருநாள் மறந்துபோகும், சூடு ஏறும், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஒரு ஹோஸ், ஒரு கிளிப் செலவில் முடிந்திருக்க வேண்டியது இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். வெப்பமானி முள் ஏறினால் வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். நிறுத்தி, அணைத்து, முழுதாக ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

டைமிங் பெல்ட்டும் இதே ரகம், ஆனால் முன்னறிவிப்பே தராது. பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வுகள் வளைந்துவிடும். கிலோமீட்டர் எட்டாவிட்டாலும் வருடக் கணக்கு முடிந்துவிட்டால் மாற்றுங்கள். டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டாலேயே ஓடுகிறது என்றால் வாட்டர் பம்ப்பையும் கூடவே மாற்றுங்கள். கூலி ஒரே கூலிதான்.

குறைவாகத்தான் ஓட்டுகிறேன். சர்வீஸைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. ஐந்து நிமிடத் தூரம் மட்டுமே ஓடும் காரில் இன்ஜின் சூடாவதே இல்லை. ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் சேரும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும், டீசல் கார் என்றால் கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை ஆயில், வாரம் ஒரு முறை அரை மணி நேர ஓட்டம். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் இருந்தால் முழுது, 12.4க்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் சார்ஜ் போடுங்கள்.

பழுது பார்க்கும் செலவு காரின் விலையைவிட அதிகம். விற்றுவிடலாமா?

காரின் சந்தை விலையோடு ஒப்பிடுவது தவறான தராசு. பழுது பார்த்தால் இந்தக் கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று மதிப்பிட்டு, செலவை அந்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். மாற்றுக் கார் வாங்கினால் வருடத்துக்கு ஆகும் மதிப்பிழப்பும் வட்டியும் கூடுதல் காப்பீடும் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். பழைய காருக்கு மதிப்பிழப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதனால் பெரிய பழுதுகூட மலிவாக வருவதுண்டு.

இதற்கு ஒரு விலக்கு: பொருத்து இடங்களில் பரவிவிட்ட துரு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மாற்றலாம். கூடு அரித்துவிட்டால் இந்த வருடம் ஓர் இடத்தில் வெல்டிங், அடுத்த வருடம் இன்னோர் இடத்தில் என்று முடிவில்லாமல் போகும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

மின்சாரக் காருக்கு இவ்வளவும் பொருந்துமா?

புகையும் இன்ஜின் ஆயிலும் டைமிங் பெல்ட்டும் போகும். மற்றதெல்லாம் உண்டு. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க் பிரேக் குறைவாகப் பயன்பட்டுத் துருப்பிடிக்கும். வாரத்தில் சில முறையாவது பாதுகாப்பான இடத்தில் பிரேக்கை அழுத்திப் பயன்படுத்துங்கள். எடை அதிகம் என்பதால் டயரும் சஸ்பென்ஷனும் வேகமாகத் தேயலாம். 12 வோல்ட் சிறு பேட்டரி இதிலும் உண்டு. அது செத்தால் கார் உயிர் பெறாது.

பழைய கார் வாங்கும்போது புதிய சோதனைச் சான்றிதழை நம்பலாமா?

பிரேக், விளக்கு, டயருக்கு ஓரளவு. இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் இல்லை. ஒரே ஒரு தாளை விட, பழைய தாள்கள் ஐந்தாறு கிடைத்தால் அவைதான் பேசும். ஒவ்வொன்றிலும் ஓடிய கிலோமீட்டர் இருக்கும். வரிசையாக ஏறுகிறதா, நடுவில் குறைகிறதா என்று பாருங்கள். ஒரே குறிப்பு மூன்று வருடமாகத் தொடர்ந்து வந்தால் அந்த உரிமையாளர் எதையும் தேறுவதற்கு மட்டுமே செய்தவர்.

இந்தச் சோதனையால் உண்மையில் பயன் உண்டா, வெறும் வசூலா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நியூ ஜெர்சி 2010இலும் டெக்சஸ் 2025இலும் சொந்தக் கார்களுக்கான இயந்திரப் பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டன. பெரும்பாலான விபத்துகளுக்கு ஓட்டுபவரின் தவறே காரணம் என்பது அவர்கள் வாதம். ஆனால் தேய்ந்த டயரும் இழுக்கும் பிரேக்கும் அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் சில மீட்டர்களைப் பறித்துவிடுகின்றன. அந்த மீட்டர்களின் எதிர்முனையில் நிற்பவர் உங்கள் காரில் இல்லாதவர், உங்கள் செலவுக் கணக்கில் பங்கு இல்லாதவர். அவருக்காகவாவது யாரேனும் வருடத்துக்கு ஒரு முறை அடியில் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறோம்.

எந்தத் தாள்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

கார் உங்களிடம் இருக்கும்வரை எல்லாவற்றையும். சோதனைத் தாள், பாகத்தின் பெயரோடு உள்ள ரசீது, மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர். ரசீது மங்கிவிடும் தாளாக இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்; 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளைக் கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் ஒரு முறை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.